காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம்

சென்ற மாதம் சுங்கை பட்டாணியில் எங்கள் மருத்துவ உதவியாளர் தொழிலில் இருக்கும் இளைஞர்கள் சிலர், ஓய்வு பெற்றவர்களை அழைத்து ஒரு மதிய விருந்து வைத்தார்கள். பிரியாணி நன்றாக இருந்தது. அதற்குப் பிறகுதான் பழைய ஆட்களைப் பேசவிட்டார்கள். முன்னால் விட்டால் சோறு ஆறிவிடும் என்பது அவர்களுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. அப்போது ஒரு தம்பி எழுந்து என்னைப் பார்த்துக் கேட்டார்.

“அங்கள், நீங்க எஸ்டேட்ல டிரஸரா இருந்தவரு. அங்க கிறிஸ்டியனா இருக்கறது ரொம்ப சூசாதானே?”

சூசா என்றால் கஷ்டம். “அப்படி ஒன்றும் இல்லை” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். கையில் மைக் இருக்கும்போது எவனும் முழு உண்மையைப் பேசுவதில்லை. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். கிறிஸ்தவனாக இருப்பதில் கஷ்டமே இல்லை. ஒரு தோட்டமே வேலை மெனக்கெட்டு நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கிறிஸ்தவனாக இல்லாமல் இருப்பதுதான் கஷ்டம்.

என் பெயர் ஏசடியான். அப்பா ஆசையாக வைத்தது. இந்தப் பெயரை வைத்துக்கொண்டு கள்ளுக்கடைப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்க முடியாது. அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்றேன். ஊசி போடவும், கட்டுப் போடவும், டாக்டர் திட்டும்போது சுவரைப் பார்க்கவும் அங்கே கற்றுக்கொண்டேன். எழுபதுகளின் தொடக்கத்தில் சிடாம் கிரி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு டிரஸராகப் போனேன். டாக்டர் வாரத்துக்கு ஒருமுறை பட்டணத்திலிருந்து வந்து போவார். மற்ற நாட்களில் காய்ச்சலுக்கும் பாம்புக்கடிக்கும் பிரசவத்துக்கும் நான்தான்.

தோட்டத்தில் எங்களை வேதக்காரர்கள் என்பார்கள். அங்கே வேதக்காரக் குடும்பம் இரண்டுதான் இருந்தது. ஒன்று என்னுடையது, மற்றது தோட்டத்து ஆபீஸின் தலைமை எழுத்தரான பெரிய கிராணியாருடையது. அவர் வீட்டு ஜன்னல்களில் திரைச்சீலை தொங்கும். என் வீடு ஆஸ்பத்திரியை ஒட்டியது, திரை கிடையாது. ஆகவே கிறிஸ்தவம் எப்படிப்பட்டது என்று அறிய விரும்பியவர்கள் எல்லாரும் என் ஜன்னலையே பார்த்தார்கள்.

அவர்களில் முதலிடம் காளியம்மாவுக்கு. பால் வெட்டப் போகும் பெண்களின் குழந்தைகளை விட்டுப் போகும் ஆயாக்கொட்டகை ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே இருந்தது. காளியம்மா அங்கே ஆயா. பிள்ளைகளைப் பார்த்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அவர் என்னைப் பார்த்தார். ஒருநாள் பசி மிகுதியில், யாரோ வாங்கிக் கொடுத்த பிசாங் கோரேங்கை, அதாவது வாழைப்பழ பஜ்ஜியை, ஜெபம் செய்யாமல் கடித்துவிட்டேன். எதிர்ப்பக்கமிருந்து குரல் வந்தது.

“என்னா டிரஸரே, பலகாரத்துக்கெல்லாம் ஒங்க சாமி வர மாட்டாரா?”

அன்றிலிருந்து தண்ணீர் குடிக்கவும் கண்ணை மூடினேன். என் பக்தியில் பாதிக்குமேல் காளியம்மா கொடுத்தது. சபையில் இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை.

பெரிய சோதனை என்றால் அது எம்.சி.தான். உடம்பு சரியில்லை என்று நான் எழுதிக் கொடுக்கும் சீட்டு இருந்தால் விடுப்புக்குக் கூலி உண்டு. தைப்பூசத்துக்கு முன்னாலும் கல்யாணங்களுக்கு முன்னாலும் தோட்டத்தில் முதுகுவலி பரவும். நான் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்லண்ணே, வேலைக்குப் போங்க” என்பேன். “வேதக்காரன்கிட்ட வந்தா இருக்கற காய்ச்சலும் ஓடிரும்லா” என்று திட்டிக்கொண்டே போவார்கள். ஆனால் கோழி காணாமல் போனாலும் வேலித் தகராறு வந்தாலும், “டிரஸரு பாத்தாராமா? அவரு சொன்னா சரி” என்பதும் அதே ஆட்கள்தான். எனக்கு இதில் கொஞ்சம் பெருமை இருந்தது. பெருமை பாவம் என்று தெரியும். காளியம்மாவின் கண்ணுக்கு அகப்படாத பாவம் என்பதால் அதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

தீராத வழக்குகள் வெள்ளிக்கிழமை மாலை மாரியம்மன் கோயில் வாசலுக்குப் போகும். ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை, வெற்றிலைமேல் சூடம். அதைக் கொளுத்தி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். பொய் சொன்னால் ஆத்தா கண்ணைப் பிடுங்கிவிடுவாள். மறுநாள் காலையில் உள்ளங்கைக் கொப்புளத்துக்கு மருந்து போடுவது என் வேலை. அதில் நான் கண்டது ஒன்று உண்டு. சட்டென்று அடிப்பவனுக்குக் கொப்புளம் வராது. பயந்து, யோசித்து, ஆத்தாவை நினைத்துக் கையை மெதுவாக வைப்பவனுக்குத்தான் வரும். அதாவது, பொய்யனுக்குக் கை வேகம் அதிகம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்தவர் சாமி விஷயத்தில் தலையிட நான் யார்? தவிர, எனக்குச் சத்தியம் செய்யும் வழக்கமே இல்லை. சூடத்தின்மேல் மட்டுமல்ல, பைபிளின்மேலும் செய்ததில்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான் வளர்த்தார்கள்.

பெரிய கிராணியார் துரைசிங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக் குடும்பம். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை. உட்காருமுன் நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்து, அந்தக் கைக்குட்டையை மறுபடி நான்காக மடித்துப் பையில் வைப்பார். குரலை உயர்த்தவே மாட்டார். ஒருவரை வேலையைவிட்டு நிறுத்தும்போது அவர் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி அக்கறையாக விசாரிப்பார். பட்டணத்துச் சபையில் மூப்பர், முதல் வரிசை பெஞ்சு அவருக்கு. யூனியன்காரர்கள் வருவது தெரிந்தால் எழுந்து ஆபீஸ் வராந்தாவில் போய் நிற்பார். பியூன் அவர்களிடம், “ஐயா உள்ள இல்லீங்க” என்று சொல்லுவார். அவர்கள் போனதும் உள்ளே வருவார். எனக்குத் தெரிந்து அவர் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. அதற்கு ஆள் வைத்திருந்தார்.

இனி அஞ்சலையின் விஷயம். எழுபதுகளின் நடுவில் நடந்தது.

அஞ்சலை காளியம்மாவின் மருமகள். மூன்று பெண் குழந்தைகள். மூன்றாவது பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. தோட்டத்து வேனில் அவளைப் போட்டுக்கொண்டு சுங்கை பட்டாணிக்குப் போனவன் நான். அங்கிருந்த டாக்டர், இன்னொரு பிரசவம் என்றால் இவள் பிழைக்க மாட்டாள் என்று சொல்லிவிட்டார். காளியம்மாவுக்கோ பேரன் வேண்டும். “டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க, ஆத்தா பாத்துக்குவா” என்றார். அவர் மகன் கோவிந்தன் அம்மா சொல்லைத் தட்டாதவன்.

அஞ்சலை ஒருநாள் பின்வாசலில் வந்து நின்றாள். “எனக்கு அந்த மாத்திர வேணும்யா. வீட்டுக்குத் தெரியக்கூடாது” என்றாள். டாக்டரிடம் கேட்டுக் குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை வாங்கி வைத்தேன். யாரிடமும் சொல்வதில்லை என்று அவளிடம் ஒத்துக்கொண்டேன். காலையில் மரங்களில் பால் வெட்டி முடித்த பிறகு, மங்கு என்னும் கிண்ணத்தில் பால் வடிந்து நிறையும்வரை ஓர் இடைவேளை உண்டு. எல்லாரும் மரத்தடியில் உட்கார்ந்து பசியாறும் நேரம். மாதம் ஒருமுறை அந்த நேரத்தில் ரப்பர் மரங்களுக்கு ஊடே வந்து, பின்வாசலில் மாத்திரை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். முன்வாசலில் அவள் மாமியார் என் ஒழுக்கத்தைக் காவல் காத்துக்கொண்டிருப்பார்.

அப்படி அவள் வந்துபோன ஒருநாளில், ரப்பர்க் கொட்டகையிலிருந்து ஒரு மூட்டை கட்டிப்பால், அதாவது உறைந்த ரப்பர், காணாமல் போயிற்று. மாலையில் அது அஞ்சலையின் வீட்டுக்குப் பின்னால் அகப்பட்டது. அந்த இடைவேளையில் அவள் தன் மர நிரையில் இல்லை என்றும், மூட்டையோடு போனதைத் தானே பார்த்ததாகவும், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ரெங்கசாமி சொன்னார். தோட்டத்தில் ரப்பர் திருட்டுக்கு மன்னிப்பு கிடையாது. வேலை போகும். வேலை போனால் வீடும் போகும், ஏனென்றால் வீடு தோட்டத்துடையது. மூன்று குழந்தைகளோடு அந்தக் குடும்பம் ரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

மறுநாள் அஞ்சலை வந்தாள். அப்போதும் பின்வாசல்தான்.

“நீங்கதான்யா சொல்லணும், நான் இங்க இருந்தேன்னு.”

“சொல்றேன்மா.”

“எதுக்கு வந்தேன்னு கேப்பாங்க. காய்ச்சல்னு சொல்லிருங்கய்யா.”

“காய்ச்சல் இல்லையேம்மா.”

அவள் என்னைப் பார்த்த பார்வையில், படித்த ஆளுக்கு மூளை இல்லாமல் போனதைக் கண்ட வியப்பு இருந்தது.

“எதுக்கு வந்தேன்னு நான் சொல்ல மாட்டேன். இங்கதான் இருந்தேன்னு சொல்றேன். என் வார்த்த போதும்” என்றேன்.

“போதுமாய்யா?”

“போதும்.”

அப்போது உண்மையாகவே அப்படி நம்பினேன். இத்தனை காலம் எம்.சி. கொடுக்காமல் சேர்த்து வைத்த பெயர் எதற்கு உதவும், இதற்கு உதவாவிட்டால்?

பெரிய கிராணியாரிடம் போய்ச் சொன்னேன். அஞ்சலை அந்த நேரத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தாள், விசாரணையை இதோடு முடித்துவிடலாம் என்றேன். அவர் நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்தார்.

“எதுக்கு வந்தவள்?”

“அதைச் சொல்ல முடியாதுங்கய்யா.”

“அப்ப காய்ச்சல் எண்டு சொல்லும்.”

“காய்ச்சல் இல்லீங்கய்யா.”

“உலகத்தில காய்ச்சல் இல்லாத ஆள் ஆர், தம்பி?” கைக்குட்டையை மடித்தார். “மண்டோர்தான் கோயில் தலைவர். அவையள் தங்கட முறைப்படி வெள்ளிக்கிழமை தீர்த்துக்கொள்ளட்டும். கோயிலில என்ன தீர்ப்போ, அதைத்தான் நான் மேனேஜர் துரையிட்டச் சொல்லுவன். நீரும் போய் ஒரு வார்த்தை சொல்லும்.”

சபை மூப்பர் ஒருவர், திருட்டு வழக்கை மாரியம்மனிடம் அனுப்பி வைத்தார். அவருக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை. எப்போதும்போல வராந்தாவுக்குப் போய்விட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் நல்ல கூட்டம். என் மனைவி கிரேஸ் தங்கையின் பிரசவத்துக்காகப் பாலிங் போய் இரண்டு வாரமாகியிருந்தது. இது எனக்கு அப்போது முக்கியமாகப் படவில்லை. மண்டோர் தான் பார்த்ததைச் சொன்னார். பிறகு என்னைக் கேட்டார்கள். அந்த நேரத்தில் அஞ்சலை ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள், நான் பார்த்தேன் என்றேன்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. “டிரஸரு பொய் சொல்ல மாட்டாருப்பா” என்று ஒருவர் சொன்னார். போன தைப்பூசத்துக்கு நான் எம்.சி. மறுத்த ஆள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. எவ்வளவு நேரம் நிறைந்தது என்றால், காளியம்மா எழுந்து நிற்கும்வரை.

“சொல்ல மாட்டாரு. எனக்குத் தெரியாதா, தெனம் பாக்கறவ நானு. அதான் கேக்கறேன். வாசல்ல நான் ஒக்காந்திருக்கேன், என் கண்ணுல படல. அப்ப பொறவாசல்ல வந்திருக்கா. இவரு பொஞ்சாதி ஊருல இல்ல. என் மருமவ எதுக்குப் பொறவாசல்ல போனா?”

கோவிந்தன் மெதுவாக என் பக்கம் திரும்பினான்.

“அதை நான் சொல்ல முடியாதும்மா” என்றேன். அதைவிட மோசமான பதில் ஒன்றை அந்த இடத்தில் யாராலும் யோசித்துக் கண்டுபிடித்திருக்க முடியாது.

“அப்ப தப்பு ஒண்ணுமில்லன்னு சூடம் அடிச்சுச் சொல்லு.”

“நான் சத்தியம் பண்றதில்லம்மா.”

பொய் சொல்லாதவன் என்று ஊரே ஒத்துக்கொண்ட ஒருவன், சத்தியம் செய்ய மாட்டேன் என்கிறான். இதை அவர்கள் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்கள்? திருட்டுக் குற்றம் அந்த நிமிடமே போய்விட்டது. அதைவிடப் பெரிய ஒன்று வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தது. அத்தனை வருடமாக என்னிடம் ஒரு குறை கண்டுபிடிக்கக் காத்திருந்தவர்களுக்கு, என் உண்மையே அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டது. பயந்தேன் என்று சொல்வதில் வெட்கமில்லை. ஆனால் காய்ச்சல் என்ற ஒரு சொல் மட்டும் வரவில்லை. அது விசுவாசமா, வீம்பா என்று எனக்கு இப்போதும் தெரியாது.

அஞ்சலை முன்னால் வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. தாம்பாளத்தில் எரிந்த சூடத்தின்மேல் கையை வைத்தாள். அடிக்கவில்லை, வைத்தாள். அணைந்த பிறகும் எடுக்கவில்லை.

“மாத்திர வாங்கப் போனேன். புள்ள வராம இருக்கற மாத்திர. ஒரு வருசமா திங்கறேன். இன்னொண்ணு பெத்தா நான் செத்துருவேன்னு டாக்டரு சொன்னாரு. நான் சாவறதுக்கு ரெடியா இல்ல. இதான் ரகசியம், போதுமா எல்லாத்துக்கும்?”

காளியம்மா உட்கார்ந்துவிட்டார். கோவிந்தன் தலையைக் குனிந்துகொண்டான். ஆம்பிளைகள் நிறைந்த கோயில் வாசலில், மருமகள் வாயால் சொல்லக்கூடாத வார்த்தை அது. அந்தக் காலத்துத் தோட்டத்தில் இது திருட்டைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

கொஞ்ச நேரம் கழித்துக் காளியம்மாவே மறுபடி எழுந்தார். அந்த அம்மாவுக்கு யார்மேலாவது கோபத்தைக் காட்டியாக வேண்டியிருந்தது. மண்டோரைப் பார்த்து, “அவ அடிச்சிட்டா. நீ பாத்தேன்னு சொன்னியே, நீ அடி” என்றார்.

“எனக்குக் கையில புண்ணுக்கா” என்றார் மண்டோர்.

கூட்டம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. புண் என்றால் அது என் இலாகா. மண்டோரின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். “புண் ஒண்ணும் இல்ல” என்றேன். அன்று என் உண்மையால் ஒருவருக்கு ஏதாவது பிரயோஜனம் இருந்தது என்றால் அது இந்த மூன்று சொல்தான். மண்டோர் தான் பார்த்தது வேறு யாராகவும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மூட்டை அங்கே எப்படிப் போனது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அஞ்சலையின் வேலை தப்பியது, வீடும் தப்பியது. வீட்டுக்குள்ளேதான் இடமில்லாமல் போயிற்று. கோவிந்தன் அவளோடு பேசுவதை நிறுத்தினான். காளியம்மா உலையைத் தனியாக வைத்துக்கொண்டார். தண்ணீர்க்குழாயடியில் பெண்கள் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள், மரியாதையினால் அல்ல.

எனக்கும் விசாரணை நடந்தது. பாலிங்கிலிருந்து திரும்பிய கிரேஸ் கதையைக் கேட்டுவிட்டு, “எனக்கு ஒண்ணும் சந்தேகம் இல்ல. பொய் சொல்லத் தெரிஞ்ச ஆளா இருந்தா, கல்யாணமான புதுசுல என் கொழம்பு நல்லாருக்குன்னு சொல்லியிருப்பீங்க” என்றாள். அதோடு முடித்துக்கொண்டாள். சபை அவ்வளவு சுலபமாக முடிக்கவில்லை. அந்த வருடம் என்னை மூப்பராக்குவதாக ஒரு பேச்சு இருந்தது. கோயில் வாசலில் போய் நின்றவர், பெண் விஷயத்தில் பெயர் அடிபட்டவர் என்று யாரோ சொல்ல, பேச்சு நின்றுவிட்டது. துரைசிங்கம் என்னைக் கூப்பிட்டு ஆறுதல் சொன்னார்.

“நான் உமக்கு எதிரா ஒரு வார்த்தையும் கதைக்கயில்லை, தம்பி.”

அது உண்மை. அந்தப் பேச்சு வந்தபோது அவர் வெளியே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

“காய்ச்சல் எண்டு சொல்லியிருக்கலாம்” என்றார்.

அதற்குப் பிறகு அஞ்சலை பின்வாசலுக்கு வரவில்லை. மாத்திரை தீர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். விட்டுவிட்டாளோ என்று பயந்தேன். அவள் செத்துப்போனால் அது யார் கணக்கில் வரும் என்றும் பயந்தேன். கிரேஸிடம் கொடுத்தனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு காலை, முன்வாசல் பெஞ்சு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து, அவள் பால்வாளியோடு படியேறி வந்தாள். எதிரே காளியம்மா ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

“டிரஸரையா, என் மாத்திர குடுங்க.”

நான் குரலைத் தாழ்த்தி, “உள்ள வாம்மா” என்றேன்.

“எதுக்கு உள்ள? இங்கயே குடுங்க. என்ன மாத்திரன்னு சொல்லிக் குடுங்க.”

பெஞ்சில் இருந்தவர்கள் நகத்தைப் பார்த்தார்கள், கூரையைப் பார்த்தார்கள். நான் வாய்க்குள் ஏதோ சொன்னேன்.

“கேக்கலய்யா.”

“குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை” என்றேன். அவ்வளவு சத்தமாக நான் பிரசங்க மேடையில்கூடப் பேசியதில்லை.

அவள் மாத்திரையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். போவதற்குத் திரும்பியவள் நின்றாள். கோபமில்லாமல், கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

“பொய் சொல்லாம இருக்கறது ஒங்க வேலய்யா. செஞ்சீங்க. கூலிதான் எங்கிட்ட வாங்கிட்டீங்க.”

அந்தத் தோட்டத்தில் நான் எண்பதுகளின் பாதிவரை இருந்தேன். மாதம் தவறாமல் அவள் அப்படியே வந்தாள், அப்படியே கேட்டாள், நானும் சத்தமாகச் சொல்லிக் கொடுத்தேன். ஒருமுறை, ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த எங்கள் போதகர், அது என்ன மருந்து என்று என்னைக் கேட்டார்.

அஞ்சலை படியில் நின்று, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னேன்.